பேராசிரியர் இருதயராஜ் மலை இறங்கிய விதம்

எதையும் வரிசைப்படுத்திக்கொள்ளாமல் எழுத எனக்கு வராது. பணிக்காலம் முழுவதும் புள்ளியியல் கற்பித்தவனுக்கு அது பழகிப்போன குணம். நல்ல குணமா என்பதில் இப்போது சந்தேகம் வந்திருக்கிறது. நம்மோடு பணியாற்றிய தாவரவியல் பேராசிரியர் இருதயராஜ் மறைந்துவிட்டார். அவரைப் பற்றி நம் ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கம் வெளியிடும் மலருக்கு நான் எழுதவிருப்பவை இவை:

1. செய்தி எனக்கு வந்த விதம்.
2. இரங்கல் என்ற பெயரில் எங்கள் சைக்கிள் மலைச்சவாரிக் குழு செய்தவை.
3. இருதயராஜ் வேகத்தை விரும்பியவர் அல்லர் என்பதும் அதற்கான சான்றுகளும்.
4. அவருடைய சைக்கிளின் முன்சக்கரத்துக்குப் புதிய ஃபோர்க் போடுவதா வேண்டாமா என்ற கேள்வியும் அதற்கு நான் சொன்ன பதிலும்.
5. அவர் பெயரில் கோப்பை ஏன் வேண்டாம்.
6. அவரிடமிருந்து எனக்கு எஞ்சியிருப்பது.

குழுவினர் சிலரும் இந்த மலரைப் படிப்பார்கள் என்று தெரியும். யார் மனமும் நோகக் கூடாது என்று ஒரு வாக்கியத்தை நாலு விதமாக மாற்றி எழுதிப் பார்க்கிறவன் நான். இந்த முறை மாற்றவில்லை.

செய்தி ஒரு வண்ணப்படமாக வந்தது. காலையில் பாலைக் காய்ச்சி இறக்கிவிட்டுக் கைப்பேசியை எடுத்தேன். சவாரிக் குழுவின் வாட்ஸ்அப்பில் இருதயராஜின் படம் இருந்தது. சிவப்புத் தலைக்கவசம், பெரிய சிரிப்பு, சுற்றிலும் ரோஜாப்பூக்கள். கீழே பொடி எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. கண்ணாடியைச் சமையலறையில் வைத்துவிட்டு வந்திருந்தேன். குழுவில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் இதே ரோஜாக்களோடுதான் படம் போடுவார்கள். ஆகவே “பல்லாண்டு வாழ்க, நண்பரே” என்று எழுதி அனுப்பினேன். உடனே, அந்தப் படத்தைப் போட்டிருந்த குழுத் தலைவர் மனோகர் என் வாழ்த்துக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். இன்னும் இரண்டு பேரும் கட்டைவிரல் உயர்த்தினார்கள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தேன். “சவாரியிலேயே வாழ்ந்தார், சவாரியிலேயே விடைபெற்றார்” என்று இருந்தது. அதற்குக் கீழே, குழுவுக்கு ஆதரவு தரும் சைக்கிள் கடையின் சின்னம். அதற்கும் கீழே, இந்த மாதம் முழுவதும் தலைக்கவசங்களுக்குச் சிறப்புத் தள்ளுபடி என்று ஒரு வரி.

இறந்த நண்பரைப் பல்லாண்டு வாழச் சொன்ன வெட்கம் ஒரு பக்கம். அதைவிட, அந்தக் கட்டைவிரல்களைப் பார்க்க எனக்குக் குமட்டியது. அவர்கள் என் வாழ்த்தையும் படிக்கவில்லை, தாங்கள் போட்ட மரணச் செய்தியையும் படிக்கவில்லை. குழுவில் எது வந்தாலும் கட்டைவிரல் உயரும். அவ்வளவுதான்.

இருதயராஜ் சவாரியில் விடைபெறவில்லை. முந்தைய நாள் இரவு, கச்சேரி சாலைப் பக்கம் தாம் வழக்கமாகப் போகும் முடிதிருத்தும் கடையில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனார். ஒரு பக்கக் கிருதாவைச் சரிசெய்துவிட்டு மறுபக்கம் வந்த கடைக்காரர், தலை சாய்ந்திருப்பதைப் பார்த்துத் தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறார். மாரடைப்பு. செய்தி வந்த அன்று மாலை அந்தக் கடைக்காரர் பையை எடுத்துக்கொண்டு சாந்தோம் வீட்டுக்கே வந்தார். “ஒரு சைடு அப்படியே கீது டீச்சர். சாரை அப்படி அனுப்பக் கூடாது” என்று இருதயராஜின் மனைவி ஸ்டெல்லா டீச்சரிடம் கேட்டுக்கொண்டு, மறுபக்கக் கிருதாவையும் ஒதுக்கிவிட்டு, ஓரமாகப் போய் நின்றார். அன்று அந்த வீட்டுக்கு வந்தவர்களில் எனக்கு மரியாதை தோன்றியது அவர் ஒருவர்மீதுதான்.

ஏனென்றால் அடுத்து வந்தவர்கள் எங்கள் குழுவினர்.

அவர்கள் உடலோடு ஒட்டிய சவாரி உடையில் வந்தார்கள். அடையாறிலிருந்து கொட்டிவாக்கம் வரை போய்த் திரும்பும் மாலைச் சவாரியை அன்றைக்கும் முடித்துவிட்டு வந்திருந்தார்கள். வியர்வை நாற்றம் ஊதுவத்திப் புகையை மீறியது. ஒருவர் கையுறையைக் கழற்றாமலே ஸ்டெல்லா டீச்சரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மனோகர் அடையாறில் அடுக்குமாடி கட்டி விற்பவர், நடுவயதைத் தொடாதவர், துக்க வீட்டிலும் கட்டட வேலையை மேற்பார்வையிடுகிற பாவனையில் இடுப்பில் கைவைத்துத்தான் நிற்பார். அவர் குனிந்து கேட்டார்:

“ஆன்ட்டி, அங்கிள் எந்த வண்டியில போயிட்டிருந்தார்?”

ஸ்டெல்லா டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தார். “நாற்காலியில உக்காந்திருந்தாரு தம்பி.”

மனோகருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அடக்கம் முடிந்த சில நாட்களில் மனோகர் மறுபடி வந்தார். நானும் அங்கே இருந்தேன். இந்த முறை சட்டை அணிந்திருந்தார். இருதயராஜ் நினைவாக ஜவ்வாது மலையில் ஒரு சவாரி நடத்தப்போவதாகவும், மலையிலிருந்து எல்லாரையும்விட வேகமாக இறங்குபவருக்கு “இருதயராஜ் நினைவுக் கோப்பை” வழங்கப்போவதாகவும் சொன்னார். படம்பிடிக்க ட்ரோன் ஏற்பாடு செய்தாகிவிட்டதாம்.

“அப்புறம் ஆன்ட்டி, அங்கிள் வண்டி எங்களுக்கு வேணும். அதுக்கு நல்ல ஃபோர்க் போடணும், பிரேக் டிஸ்க்கப் பெருசா மாத்தணும்னு அவருக்கு ரொம்ப நாள் ஆசை. அவரோட கடைசி ஆசை ஆன்ட்டி. நாங்களே எல்லாம் பக்காவா போட்டு, நம்ம சைக்கிள் கடை வாசல்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிடறோம். வர்றவங்கல்லாம் பாப்பாங்க.”

“யோசிச்சுச் சொல்றேன் தம்பி” என்றார் டீச்சர்.

அவர் போன பிறகு டீச்சர் என்னிடம் கேட்டார். “என்ன சார் செய்யலாம்? எனக்கு ஒண்ணும் ஓடல. நீங்கதான் எப்பவும் அவர்கூடப் போவீங்க. நீங்க சொல்றபடி செஞ்சிடறேன்.”

எனக்கு அப்போது கோபத்தில் காது சூடாகியிருந்தது. “கடைசி ஆசையாவது ஒண்ணாவது. அவருக்கு வேகத்துல விருப்பமே கிடையாது டீச்சர். நான் எழுதித் தர்றேன். எல்லாரும் படிக்கட்டும். அப்புறம் முடிவு பண்ணுங்க” என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கோயிலிலிருந்து பங்குத்தந்தை வந்துவிட்டார்.

ஆகவே இந்தக் கட்டுரை வெறும் அஞ்சலி அல்ல. இதைப் படித்துவிட்டுத்தான் அந்தச் சைக்கிளை என்ன செய்வதென்று அவர் முடிவெடுக்கப்போகிறார். என்னை நம்பி ஒருவர் ஒரு முடிவை விட்டிருக்கிறார் என்பதே எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கப் போதுமானது.

இருதயராஜ் எனக்கு அறிமுகமான நாளைச் சொல்லிவிட்டுச் சான்றுகளுக்கு வருகிறேன். அவர் தம் ஆய்வுக்காக மலைச்சரிவில் செடிகளை எண்ணிக்கொண்டு வந்து, கணக்குப் பார்த்துத் தரும்படி என்னிடம் தாள்களை நீட்டினார். எத்தனை இடங்களில் எண்ணுவது என்பதை எந்த அடிப்படையில் முடிவு செய்தீர்கள் என்று கேட்டேன். “கால் வலிக்கிற வரைக்கும் எண்ணினேன்யா” என்றார். அது முறையல்ல என்று அரைமணி நேரம் விளக்கினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, இப்ப கால் வலி போயிடுச்சு. மறுபடி போய் எண்ணிட்டு வரேன்” என்று உண்மையிலேயே போனார். அன்றிலிருந்து நான் அவருக்கு “ஸ்டாட்ஸ்”. என் பெயரை அவர் வாயால் நான் கேட்டதேயில்லை.

ஓய்வுக்குப் பிறகு அவருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. நடந்து மலையேற முடியவில்லை. சைக்கிளில் உட்கார்ந்து மிதித்தால் வலி இல்லை. மலைப்பாதைக்கென்று செய்யப்பட்ட சைக்கிள் ஒன்றை வாங்கினார். எனக்குச் சர்க்கரை கூடியிருந்ததால் என்னையும் இழுத்துக்கொண்டு அந்தக் குழுவில் சேர்ந்தார். மலையே இல்லாத ஊரில் மலைச்சவாரிக் குழு என்ற பெயரே எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. நமக்கு இருப்பது பரங்கிமலை ஒன்று. விடியற்காலையில் அதன் தார்ச்சாலையில் ஏறி இறங்குவார்கள். மற்ற நாட்களில் மேம்பாலங்களில் ஏறி இறங்குவார்கள். ஆனால் பேச்சைக் கேட்டால் இமயமலையில் குடியிருப்பவர்கள் என்று தோன்றும். யாருடைய ஃபோர்க் எவ்வளவு அமுங்குகிறது, யாருடைய டயர் எவ்வளவு அகலம், யாருடைய வண்டி எந்த நாட்டிலிருந்து வந்தது. தேநீர்க்கடை வாசலில் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தேநீரே கசந்துபோனது.

இப்போது சான்றுகள்.

முதலாவது, இறக்கத்தில் இருதயராஜ் எப்போதும் கடைசி. எல்லாரும் கீழே வந்து தேநீர் குடித்து முடித்த பிறகு நான் வருவேன். எனக்குப் பின்னால் அவர் வருவார். ஒருநாளும் அது மாறியதில்லை. மனோகர் கேலி செய்வார்: “அங்கிள், உங்க டீ ஆறி ஐஸ் காபி ஆயிடுச்சு.”

“ஆறினதுதான்டா எனக்குப் புடிக்கும். சூடா குடிச்சா நாக்கு வெந்துடும், அப்புறம் உன்னை எப்படித் திட்டறது?” என்பார் இருதயராஜ்.

“வண்டிய மாத்துங்க அங்கிள். இந்த டப்பாவ வெச்சுக்கிட்டு எங்க பேரக் கெடுக்கறீங்க.”

“உன் பேரு ஏற்கெனவே உன் அப்பார்ட்மென்ட்ல ஒழுகுதே, நான் வேற கெடுக்கணுமா?”

எல்லாரும் சிரிப்பார்கள். மனோகரும் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. அவர்கள் ஒரு மூத்த பேராசிரியரை ஏளனம் செய்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தெரியும்.

இரண்டாவது சான்று ஜவ்வாது மலை. ஆண்டுக்கு ஓரிரு முறை சைக்கிள்களை வேனில் ஏற்றிக்கொண்டு அங்கே போவோம். அது மண்பாதை, நடுநடுவே பாறை, ஒரு பக்கம் பள்ளம். குழுவினர் கத்திக்கொண்டே பறந்துவிடுவார்கள். இருதயராஜ் பாதையில் நின்றுவிடுவார். “நீ போய்யா, நான் வரேன். இங்க ஒரு செடி இருக்கு” என்பார். நான் மெல்ல இறங்கிப் போவேன். கொஞ்ச தூரம் போனதும் பார்த்தால் எனக்குப் பின்னால் வந்திருப்பார். சிறிது நேரத்தில் மறுபடி நிற்பார். ஒருமுறை திரும்பி என்ன செடி என்று பார்த்தேன். நாயுருவி. மந்தைவெளியில் எங்கள் தெருச் சாக்கடை ஓரத்தில் வளர்வது. எவ்வளவு எளிய செடிக்கும் நின்று மரியாதை செய்கிற மனிதர் என்று வியந்தேன். அன்று மாலை அவர் என்னிடம் சொன்னார்: “வேகமா போனா மலை ஒரு பச்சைக் கோடு மாதிரிதான்யா தெரியும். அதைப் பாக்க எதுக்கு இவ்ளோ தூரம் வரணும்? மவுண்ட் ரோட்ல பஸ்ல ஜன்னலோரம் உக்காந்தாலே தெரியுதே.” இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

இனி அந்த ஃபோர்க். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சைக்கிளின் முன்சக்கரத்தை இரு பக்கமும் பிடித்திருக்கும் கால்கள்தாம் ஃபோர்க். மலைச்சைக்கிளில் அது ஸ்பிரிங் போல அமுங்கி எழுந்து மேடுபள்ளத்தைத் தாங்கும். அவர் வண்டியில் இருந்தது கொஞ்சமாக அமுங்கும் வகை. நிறைய அமுங்கும் நீளமான ஃபோர்க்கைப் போட்டு, பிரேக் டிஸ்க்குகளையும் பெரிதாக்கினால் செங்குத்தான இறக்கத்தில் துணிந்து வேகமாக இறங்கலாம். இந்த யோசனையை அவர் தலையில் ஏற்றியது மனோகர்தான் என்று நான் உறுதியாக இருந்தேன். ஒருநாள் இருதயராஜ் என்னை ஈக்காட்டுத்தாங்கலில் நாகு என்பவரின் பட்டறைக்கு அழைத்துப் போனார். நாகு குழுவினரின் வண்டிகளைப் பழுதுபார்ப்பவர்.

“போட்டுக்கலாம் சார், இன்னா இப்போ. வண்டி மூக்கு கொஞ்சம் தூக்கிக்கும். ஏறச் சொல்ல மக்கர் பண்ணும். எறங்கச் சொல்ல ராஜா மாதிரி எறங்கலாம்” என்றார் நாகு.

“ராஜா பல்லக்குலல்ல எறங்குவான்? எந்த ராஜா வேகமா எறங்கினான்?”

“இன்னா சார், காலைலயே கலாய்க்கிற. போடணுமா வேணாமா, அத்த சொல்லு.”

“ஃபிரேம் தாங்குமா?” என்று நான் கேட்டேன்.

“தாங்கும் சார். தாங்கலன்னா வேற ஃபிரேம் கீது.”

நாகுவின் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இருதயராஜ் என்னைத் திரும்பிப் பார்த்தார். “நீ என்ன சொல்றே ஸ்டாட்ஸ்?”

உடனே சொல்லிவிட என்னால் ஆகாது. வீட்டுக்குப் போய் ஒரு அட்டவணை போட்டேன். அவர் வயது, எலும்பின் வலிமை, ஃபிரேமின் உறுதி, முன்பக்கம் உயர்ந்தால் ஏற்றத்தில் படும் சிரமம், மழைக்கால மண், ஸ்டெல்லா டீச்சரின் கவலை, சென்னையில் மலை இன்மை. ஒவ்வொன்றுக்கும் அதன் முக்கியத்துவத்துக்கு ஏற்ற மதிப்பெண் கொடுத்துக் கூட்டினேன். “வேண்டாம்” என்ற பக்கம் எளிதாக வென்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளைத் தேநீர்க்கடையில் அவரிடம் கொடுத்தேன். அப்போதுதான் கழன்றுபோன சங்கிலியை மாட்டிவிட்டு வந்திருந்தார். தாளை நெடுநேரம் படித்தார்.

“கூட்டல் சரியா இருக்குய்யா” என்றார். “உனக்குக் கூட்டல் எப்பவும் சரியாத்தான் இருக்கும்.”

பிறகு அதே தாளில் கைக் கிரீஸைத் துடைத்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “சரி, விடு. வேண்டாம்” என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. நண்பர் ஒருவரை அந்தக் கும்பலின் பைத்தியக்காரத்தனத்திலிருந்து காப்பாற்றிவிட்டேன் என்று அன்று இரண்டு இட்லி அதிகமாகச் சாப்பிட்டேன்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால் அந்தக் கோப்பை எவ்வளவு அசிங்கம் என்பது விளங்கும். எப்போதும் கடைசியாக வந்த மனிதரின் பெயரில், முதலில் வருபவனுக்குப் பரிசு. செடியைப் பார்க்க நின்றவரின் பெயரில், செடியை மிதித்துக்கொண்டு பறப்பவனுக்குப் பரிசு. வேண்டாம் என்று அவரே சொன்ன பாகத்தை அவர் செத்த பிறகு வண்டியில் மாட்டி, கடை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்தி, பக்கத்தில் தள்ளுபடி அட்டை வைப்பார்கள். செத்தவர் வாயைத் திறந்து மறுக்கமாட்டார் என்ற தைரியம். இதைப் பார்க்கும்போது எனக்கு வருவது கோபம்கூட அல்ல. சாப்பாட்டில் எதையோ கடித்துவிட்டு அது என்னவென்று பார்க்கப் பயந்து துப்புகிறோமே, அந்த உணர்வு.

இதுவரை எழுதியதை, மலருக்கு அனுப்பும் முன் ஸ்டெல்லா டீச்சரிடம் படித்துக்காட்ட எடுத்துக்கொண்டு போனேன். கீழே வருவது அதற்குப் பிறகு எழுதியது. மேலே உள்ளதில் ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை. பதிவு செய்த எண் பிழையென்று தெரிந்தால் அழிக்காமல், திருத்தத்தைக் கீழே எழுத வேண்டும் என்றுதான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

டீச்சர் சாப்பாட்டு மேசையில் பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டார். நாற்காலி பற்றி அவர் சொன்ன பதில் வந்த இடத்தில் லேசாகச் சிரித்தார். நாயுருவி வந்தபோது உரிப்பதை நிறுத்திவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் படிப்பதை நிறுத்தினேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“நாயுருவியப் பாக்கறதுக்கு அந்த மனுஷன் ஜவ்வாது மலைக்குப் போவாரா சார்?”

“பின்ன?”

“நீங்க கொஞ்ச தூரம் போகணும்னு நிப்பாரு. பாதை காலியானதும் பிரேக்கை விட்டுட்டு, அந்த இடைவெளியில ஒரே பாய்ச்சல். உங்ககிட்ட வந்ததும் மறுபடி மாட்டு வண்டி வேகம். மறுபடி ஒரு செடி. வீட்டுக்கு வந்து கதை கதையா சொல்வாரு. ‘இன்னைக்கு ஆறு நாயுருவி ஸ்டெல்லா’ன்னுவாரு.”

நான் தாள்களை மேசையில் வைத்தேன்.

“அப்போ ஏன் கடைசியா வந்தாரு? என்னைத் தாண்டிப் போயிருக்கலாமே?”

“தாண்டிப் போனா நீங்க பயந்து தடுமாறுவீங்களாம். உங்களைப் பின்னாடி விட்டுட்டுப் போனா எங்கயாவது விழுந்து கிடப்பீங்க, யாருக்கும் தெரியாதாம். ஞாயித்துக்கிழமை ஆனா முனகிட்டேதான் கிளம்புவாரு. ‘ரெண்டு பிரேக்கையும் புடிச்சிட்டே வரான். ரப்பர் தீயற நாத்தம் என் மூக்குல. எனக்கு வர்ற எரிச்சலுக்கு…’ன்னு சொல்லிட்டு ஷூவை மாட்டுவாரு.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டீச்சர்.”

“சொன்னா அடுத்த வாரத்துலேர்ந்து நீங்க வரமாட்டீங்களே சார்.”

அது உண்மை. வந்திருக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமைகளில் டீச்சர் ஆட்டோ பிடித்துப் பரங்கிமலைக் கோயிலுக்குப் போவார் என்று எனக்குத் தெரியும். இருதயராஜும் சைக்கிளில் வருவார் என்று தெரியாது. “நான் உள்ள ஜெபம் பண்ணிட்டிருப்பேன். இவரு கீழ இறங்கிப் போவாரு, மூச்சு வாங்க ஏறி வருவாரு, மறுபடி இறங்குவாரு. சின்னப் பிள்ளைங்க சறுக்குமரத்துல ஏறி ஏறிச் சறுக்குமில்ல, அப்படி. வெளிய வந்து சுவர் ஓரமா நின்னு பாப்பேன். அந்த வளைவுல வண்டியச் சாய்ச்சு வருவாரு பாருங்க, கண்ண மூடிக்கலாம்னு இருக்கும். ஆனா பாக்காம இருக்கவும் முடியாது” என்றார். கொஞ்சம் வெட்கப்பட்டதுபோல் இருந்தது.

பிறகு அட்டவணை விஷயத்துக்கு வந்தார். அதை இருதயராஜ் கிரீஸோடு வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினாராம். “‘பாரு ஸ்டெல்லா, ஸ்டாட்ஸ் எல்லா பயத்துக்கும் மார்க் போட்டுக் கூட்டியிருக்கான். ஒரு பயத்தையும் விடல. ஆசைக்குன்னு ஒரு கட்டம்கூட இல்ல’ன்னாரு. ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டிருந்தாரு சார். மூணாவது நாள் நாகுவுக்குப் போன் பண்ணி, அந்த ஃபோர்க்கைக் கொண்டாந்து வைக்கச் சொல்லிட்டாரு. அடக்கம் முடிஞ்ச மறுநாள் நாகு போன் பண்றான், ‘சாருக்கு சொன்ன ஃபோர்க் வந்துட்ச்சு டீச்சர், வந்து பாக்கச் சொல்லுங்க’ன்னு. அவனுக்கு விஷயமே தெரியல. நான்தான் சொன்னேன். போன்லயே அழுதுட்டான்.”

ஆக, மனோகர் சொன்னது சரி. இந்த வாக்கியத்தை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. ரோஜாப்பூப் படம் போட்டவன், துக்க வீட்டுக்கு வியர்வையோடு வந்தவன், தள்ளுபடி வரியை மரணச் செய்தியில் ஒட்டியவன். அவனுக்கு என் நண்பரின் ஆசை தெரிந்திருந்தது. பக்கத்திலேயே இருந்த எனக்குத் தெரியவில்லை. தேநீர்க்கடையில் அவர்கள் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டது ஏளனம் அல்ல. ஒரே கிறுக்குப் பிடித்த இருவர் பேசிக்கொண்ட பேச்சு. அதற்கு வெளியே நின்றவன் நான்தான்.

“அப்ப வண்டிய என்ன செய்யறது சார்?” என்று டீச்சர் மறுபடி கேட்டார். எந்த அட்டவணையும் மனதில் எழவில்லை. அவரே சொன்னார்: “ஃபோர்க்கைப் போட்டு மனோகருக்கே குடுத்துடலாம்னு இருக்கேன்.”

“மனோகருக்கா?”

“கண்ணாடிப் பெட்டிக்கு இல்ல. ஓட்டறதுக்கு. கோப்பை, போஸ்டர், பேரு ஒண்ணும் கூடாது. அந்தத் தம்பி இறங்கறத இவரு எப்பவும் பொறாமையோடதான் சொல்வாரு. இவரு வாங்கின ஃபோர்க் ஒரு தடவையாவது முழுசா அமுங்கட்டும் சார். உங்ககிட்ட குடுத்தா அது அமுங்கவே அமுங்காது.”

அதிலும் பொய்யில்லை.

டீச்சர் கேட்டுக்கொண்டபடி நான்தான் மனோகருக்குத் தொலைபேசியில் சொன்னேன். ஃபோர்க் நாகுவிடம் வந்திருப்பது, வண்டியை ஓட்டுவதற்குத்தான் தருகிறோம் என்பது, கோப்பை கூடாது என்பது. “எனக்கா அங்கிள்? ஆன்ட்டியே சொன்னாங்களா?” என்று கேட்ட குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. எனக்கே மனம் இளகத் தொடங்கியது. அடுத்த வாக்கியத்தில் அவர் அதைக் கெடுத்தார்.

“ஓகே அங்கிள், கோப்பை வேணாம். ஃபோர்க் மேல கடை ஸ்டிக்கர் மட்டும் சின்னதா ஒண்ணு ஒட்டிக்கலாமா? பர்மிஷன் வாங்கிக் குடுங்களேன்.”

“கூடாது” என்றேன்.

“சின்னதா அங்கிள்.”

“கூடாதுன்னு சொன்னேன் மனோகர்.”

வகுப்பில்கூட நான் அந்தக் குரலில் பேசியதில்லை. பேசி முடித்த பிறகு சோபாவில் உட்கார்ந்துகொண்டேன். அவர்மீதான என் அருவருப்பு கொஞ்சமும் குறையவில்லை என்பதையும், அதே நேரத்தில் வண்டி போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத்தான் போகிறது என்பதையும் ஒன்றாக மனதில் வைத்துக்கொள்ளச் சிரமமாக இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

அவரிடமிருந்து எனக்கு எஞ்சியிருப்பது என்ற ஆறாவது குறிப்புக்கு, அவருடைய எளிமை, பொறுமை, இயற்கைமீது கொண்ட காதல் என்றெல்லாம் எழுத வைத்திருந்தேன். அதில் எதுவும் இப்போது எனக்கு நிச்சயமில்லை. நிச்சயமாக எஞ்சியிருப்பது ஒன்றுதான்: இறக்கத்தில் என் முதுகுக்குப் பின்னால் டிக் டிக்கென்று கேட்டுக்கொண்டிருக்கும் அவருடைய பின்சக்கரச் சத்தம். மிதிக்காமல் உருளும்போது வரும் சத்தம் அது. எனக்கு அது துணை. அவருக்கு அது காத்திருப்பு. தமக்கு இருந்த ஆசையை அடக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு பயந்தாங்கொள்ளியின் பின்னால் ஞாயிறுதோறும் இறங்கியிருக்கிறார். அந்தச் சத்தத்தை வைத்துக்கொள்கிறேன்.

இருதயராஜை அறிந்தவர்கள் மேலே மூன்றாவது குறிப்பைத் திருத்தி வாசித்துக்கொள்ள வேண்டுகிறேன். அது தவறு. அவருக்கு வேகம் மிகவும் பிடித்திருந்தது. பாதையை மறித்துக்கொண்டு முன்னால் போனவன் நான்.